டிங்கிலிலிருந்து எந்த ஈரநிலத்துக்குப் போகலாம்?

பள்ளி விடுமுறை விட்டால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தவறாமல் வரும். சிலாங்கூரில் இருக்கும் எங்கள் டிங்கில்காரர்களுக்கு இரண்டு ஈரநிலப் பூங்காக்கள் பக்கத்திலேயே இருக்கின்றன: புத்ராஜெயா ஈரநிலம், பாயா இண்டா. மூன்றாவது கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. அதற்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். பிள்ளைகளையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு மூன்றுக்கும் போய்வந்து விட்டேன். மூன்றிலும் தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீரை ஆட்டி வைப்பது யார் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

புத்ராஜெயாவில் அது பொறியாளர்களின் கையில். சுமார் 200 ஹெக்டேர். 1997இல் வேலை தொடங்கி 1998இல் முடித்தார்கள். சுவாவ், பீசா ஆறுகளின் தண்ணீர் நேராக ஏரியில் போய் விழுவதில்லை. படிப்படியாகக் கட்டிய 24 பாத்திகளுக்குள் நுழைந்து, கோரைக்கும் நாணலுக்கும் நடுவே மெதுவாக நகர்கிறது. வேகம் குறைந்ததும் வண்டல் அடியில் தங்கிவிடும். உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும் தழைச்சத்தைச் செடி உறிஞ்சிக்கொள்ளும். வயல் மடை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்குள்ள இயற்கை விளக்க மையம் இதைத்தான் படம் போட்டுச் சொல்கிறது. மூன்று இடங்களிலும் ‘தகவல் மையம்’ என்று மனதாரச் சொல்லத்தக்கது அது ஒன்றுதான் என்பேன். நடைபாதை சமதளம், முழங்கால் வலிக்காரர்களுக்கும் தோது.

பாட்டிக்கு அந்தப் படங்களில் நாட்டமில்லை. பார்வைக் கோபுரம் இருக்கும் பக்கம் வந்ததும், "எங்க நெரை இந்தப் பக்கமாத்தான் இருந்திருக்கும்பா" என்று கையை நீட்டினார். நெரை என்றால் பால் வெட்டும் ரப்பர் மர வரிசை. புத்ராஜெயா முளைத்தது பிராங் பெசார் தோட்டத்தின் மேல். முதல் உலகப் போர் முடிந்து வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் 1921இல் திறந்த தோட்டம் அது. போரின் பெயரையே தோட்டத்துக்கும் வைத்தார்கள்; மலாயில் பிராங் பெசார் என்றால் பெரும் போர். ரப்பர் தெரிந்தவர்களிடம் பி.பி. 86 என்று சொல்லிப் பாருங்கள். கேரளத்திலும் இலங்கையிலும் பரவலாக நட்ட அந்த ஒட்டுரகத்தின் பெயரில் இருக்கும் ‘பி.பி.’ இந்தப் பிராங் பெசார்தான். பிற்பாடு செம்பனை வந்தது, அதற்கும் பிறகு நிர்வாகத் தலைநகரம் வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்கள் டிங்கில் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். விளக்க மையம் கோரையின் கதையைச் சொல்லும். பால்மரத்தின் கதைக்குப் பாட்டியைப் போல ஓர் ஆளைக் கூடவே கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு.

பாயா இண்டாவின் தண்ணீர் யார் கையிலும் இல்லை. ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன பள்ளங்களில் மழை நிரம்பிக் குட்டைகளாயிற்று, அவ்வளவுதான். கரையை ஒட்டியே ஆழம், அடியில் மணல். அதனால் பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பிவிட்டு நாம் கைப்பேசியில் மூழ்கக் கூடாது. தாமரைக் குளமும், அதில் நீளக் கால் வைத்து நடக்கும் நீலத்தாழைக்கோழியும் பார்க்கப் பார்க்க அலுக்காது. முதலையும் நீர்யானையும்கூட வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்க நீர்யானைக்கும் டிங்கிலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் சின்னவளுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது, அவளுக்கு அதுதான் பாயா இண்டாவே. விலங்கைப் பார்க்க வேண்டும், சைக்கிள் ஓட்ட வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும் என்பவர்களுக்குப் பொருத்தமான இடம். ஈரநிலம் என்றால் என்ன என்று பிள்ளை கேட்டால் மட்டும் அங்கே பதில் சொல்வது சிரமம்.

கோல சிலாங்கூரில் பொறுப்பு நிலவிடம். நாளைக்கு இரண்டு முறை கடல் உள்ளே வந்து போகிறது. 1987இல் மலேசிய இயற்கைக் கழகம் முன்னின்று தொடங்கிய பூங்கா. மண்கரைக்கு ஒரு பக்கம் சாதாரணக் காடு, மறுபக்கம் உப்புத் தண்ணீரில் வளரும் பக்காவ் எனும் அலையாத்தி மரங்கள். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். ஏற்றத்தில் போனால் வேரும் தண்ணீரும்தான் தெரியும். வற்றினால் சேறு முழுக்க உயிர்: மலாய்க்காரர்கள் பெலச்சாக் என்று சொல்லும் மீன் நிலத்தில் துள்ளும், ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டு அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கேயிருந்து வலசைப் பறவைகளும் வரும். என் மகன் ஒரு வளைக்கு முன்னால் அரை மணி நேரம் குந்தியிருந்தான். வீட்டில் அவன் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அங்கே நம் கண்தான் ஆசிரியர். புத்ராஜெயாவைப் போல எல்லாவற்றையும் படம் போட்டு விளக்குவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். கொசுவும் தாராளம், பாட்டியை அழைத்துப் போனது என் தப்பு. அவரைப் பக்கத்திலுள்ள மலாவாத்தி குன்றில் நிழல் பார்த்து உட்கார வைத்தோம். அங்கே சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் உண்டு. குட்டி மட்டும் பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். "யார் பெத்த பிள்ளையோ" என்று பாட்டிக்கு ஒரே சிரிப்பு. இருட்டும்வரை இருக்க முடிந்தால் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பாருங்கள். கரையோர பெரெம்பாங் மரங்களில் கூட்டமாக, ஒரே தாளத்தில் மின்னும். நிலவில்லாத நாள் நல்லது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு கோல சிலாங்கூருக்கு, தூரத்தையும் கொசுவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டு நாள் இருந்தால் முதலில் புத்ராஜெயா மையத்தைப் பார்த்துவிடுங்கள். வடிகட்டுவது என்னவென்று அங்கே படித்த பிள்ளை, பக்காவ் வேர்களுக்கு நடுவே தேங்கிய சேற்றைப் பார்த்ததும் தானாகவே பேச ஆரம்பிக்கும். வரிசையை மாற்றினால் மையம் வகுப்பறையாகிவிடும்.

இந்த ஆண்டு இறுதி விடுமுறையில் பாட்டிக்குப் புத்ராஜெயா, அடுத்த வாரம் மகனுக்குக் கோல சிலாங்கூர். சின்னவள் நீர்யானை கேட்டு அழுகிறாள். பாயா இண்டா இங்கேதானே இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துக்கொள்ளலாம்.