கன்னிப்பூவா, கும்பப்பூவா? நாஞ்சில் வயலைப் படமெடுக்க ஏற்ற போகம்

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் நெல்லின் முதல் போகம் கன்னிப்பூ, இரண்டாம் போகம் கும்பப்பூ. கன்னிப்பூ நடவு ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு வரும். தொளி (நீரோடு குழைத்த சேறு) கலக்கிய வயலில் மேகமும் மலையும் தலைகீழாகத் தெரியும். நாற்றுமுடியைப் பிரிக்கும் விரல்களில் சேறு வழியும். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நாற்றை அசைத்துக்கொண்டே இருக்கும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் கீழே குறைக்காதீர்கள். மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) கூட்டத் தயங்க வேண்டாம்.

கும்பப்பூ அறுவடை தை, மாசியில். வானம் தெளிவு, கதிர் பொன்னிறம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களில் வலசைப் பறவைகளும் இருக்கும்.

பறவைப் பிரியர்களுக்குக் கும்பப்பூ. என் மனம் கன்னிப்பூவில்தான்: அறுவடையைப் பெரும்பாலும் இயந்திரம் எடுத்துக்கொண்டது, நடவில் இன்னும் மனிதக் கைகள் இருக்கின்றன. இயந்திர நடவும் பரவுவதால், நடுபவர்களிடம் கேட்டுக்கொண்டு இப்போதே எடுத்துவிடுங்கள்.