நகமா, பல்லா, கல்லா? முரட்டு வெள்ளி நகைக்கு எது தாங்கும்

என் மேசை இழுப்பறையில் மூன்று டாலர்கள் கிடக்கின்றன. ஒன்றில் சேவலின் கால்முள், ஒன்றில் வளர்ப்புப் பன்றியின் கோரைப்பல், ஒன்றில் பட்டை பட்டையாக நிறம் ஓடும் அகேட் கல். மூன்றையும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் செய்தேன். மூன்றுக்கும் அதே 925 வெள்ளி, அதே சுத்தியல் தழும்பு, பள்ளங்களில் அதே கறுப்பு. இன்று எடுத்துப் பார்த்தால் கல் செய்த அன்று இருந்தபடியே இருக்கிறது. பல்லில் வேரிலிருந்து நுனியை நோக்கி மயிரிழை மாதிரி ஒரு விரிசல். கால்முள்ளோ கூட்டுக்குள் ஆடுகிறது. காதருகே வைத்து ஆட்டினால் கிலுகிலுப்பைச் சத்தம்.

மூன்றும் அழகுதான், அதில் சண்டை இல்லை. வெள்ளியோடு எது ஒழுங்காகக் குடித்தனம் நடத்தும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். அப்புறம் நான்காவதாக ஒரு போட்டியாளரும் உண்டு: நகத்தை அச்செடுத்து வெள்ளியிலேயே வார்ப்பது. அதை முதலில் நான் ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன்.

முதலில் வெள்ளியின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். 925 வெள்ளி என்பது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. தகட்டோடு தகட்டைப் பற்றவைக்க வெங்காரம் தடவி, பொடி (பற்றவைக்கும் கலப்பு உலோகம்) வைத்து, சுமார் 700 டிகிரி செல்சியஸ் வரை ஊத வேண்டும். ஊதி முடித்ததும் மேலே படியும் அழுக்கை எடுக்க அமிலக் குளியல். கடைசியில் முரட்டுத் தோற்றம் வர, லிவர் ஆஃப் சல்ஃபர் என்ற கந்தகக் கரைசலில் முக்கிக் கறுப்பேற்றுவோம். இந்த மூன்றில் ஒன்றைக்கூட நகமும் பல்லும் தாங்காது. நகம் பொசுங்கி முடி கருகிய நாற்றம் அடிக்கும், பல் சூட்டில் வெடிக்கும், அமிலம் பல்லைக் கரைக்கும், கந்தகம் துளையுள்ள எதிலும் ஊறிக் கறை போடும். எனவே நெருப்பு, அமிலம், கறுப்பு எல்லாம் முடிந்து, வெள்ளி கழுவிக் காய்ந்த பிறகுதான் விருந்தாளியை உள்ளே உட்கார வைக்க முடியும். அப்படி உட்கார வைக்கும்போது பற்றவைக்கும் சூடு படவே கூடாது. போட்டியின் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நகம்: மேலே உறை, உள்ளே எலும்பு

நகம் என்று நாம் கையில் எடுப்பது ஒரே பொருள் அல்ல. வெளியே கெரட்டின் உறை, உள்ளே எலும்புக் குருத்து. நம் விரல் நகமும் முடியும் எந்தப் பொருளோ அதேதான் அந்த உறையும். சேவலின் கால்முள்ளும் இதே அமைப்பு. கீறலை எவ்வளவு தாங்கும் என்பதை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் விரல் நகம் சுமார் 2.5. சாதாரணத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் 7. அதாவது தினமும் அணிந்தால் சட்டைத் துணியில் படிந்த தூசியே அதை மெல்ல மெல்லக் கீறி மங்கடித்துவிடும்.

சுத்தம் செய்யும்போது உறை தனியாகக் கழன்று வரும். பயப்பட வேண்டாம், கழற்றுவதுதான் சரி. உள்ளே எலும்போடு ஒட்டியிருக்கும் திசுவை அப்படியே விட்டால் அது அழுகி, கொழுப்பு கசிந்து, எந்தப் பசையும் பிடிக்காமல் செய்துவிடும். என் கால்முள் ஆடுவதற்குக் காரணம் அதுதான். உட்புறத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் இரண்டே நாள் போட்டு எடுத்துவிட்டேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆனால் விரலால் உள்ளே தடவியபோது வழுவழுவென்றுதான் இருந்தது. அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அதன் மேல் ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சிப் பசை. பசை வெள்ளியை விடவில்லை, கால்முள்தான் பசையை விட்டது.

கெரட்டின் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். பல வருடம் போனால் ஏடு ஏடாகப் பிரியவும் செய்யும். போதாக்குறைக்கு, கம்பளித் துணியை அரிக்கும் அந்துப்பூச்சியும் கம்பள வண்டும் இதையும் தின்னும். பெட்டியில் போட்டு மறந்துவிட்டால் ஓட்டையோடு திரும்பக் கிடைக்கும்.

குரோஷியாவில் கிராபினா என்ற இடத்தில் கிடைத்த வெண்வால் கழுகு நகங்கள் எட்டைப் பற்றி 2015-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சுமார் 1,30,000 ஆண்டு பழசு. அவற்றில் வெட்டுக் கீறலும், ஒன்றோடொன்று உரசிய மெருகும் இருப்பதால் நியாண்டர்தால் மனிதர்கள் கோத்து அணிந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். நகத்துக்கு ஆயுள் கெட்டி என்று காட்ட இதைச் சிலர் சொல்வார்கள். ஆனால் அங்கே மிஞ்சியிருப்பது உள்ளிருந்த எலும்புதான். பளபளக்கும் கறுப்பு உறை எப்போதோ போய்விட்டது.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எடையில் நகத்தை அடிக்க ஆள் இல்லை. காதில் தொங்கவிட இந்தப் போட்டியில் இதைவிட இலேசான பொருள் கிடையாது. காதணி எதிலும் இடிப்பதில்லை, உரசுவதும் குறைவு. நகத்துக்கு ஏற்ற இடம் காதுதான்.

பல்: கெட்டிதான், ஆனால் கோபக்காரன்

பல்லின் எனாமல் மோஸ் அளவில் 5. உள்ளிருக்கும் டென்டின் அதைவிட மென்மை. இரண்டும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. விரிசலுக்கு மூலகாரணம் இது. நடுவில் வேறு கூழறை என்ற வெற்றிடம். இளம் விலங்கின் கோரைப்பல்லில் அந்த வெற்றிடம் பெரிது, சுவர் மெலிசு. வயதான விலங்கின் பல்லில் சுவர் தடித்திருக்கும். வாங்கும்போது வேர்ப்பக்க ஓட்டையைப் பார்த்தாலே போதும். ஓட்டை அகலமாக இருந்தால் அந்தப் பல்லை வாங்காமல் வைத்துவிடலாம்.

சுத்தம் செய்கிறேன் என்று வேக வைப்பவர்கள் நிறையப் பேர். வேண்டவே வேண்டாம். சூடு ஆறும்போது எனாமல் கோடு கோடாகப் பிளந்துவிடும். குளிர்ந்த நீரில் ஊறவைத்து, சோப்பு நீரில் பொறுமையாகக் கொழுப்பெடுத்து, வெளுக்க வேண்டுமென்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. துணி வெளுக்கும் குளோரின் திரவம் பக்கமே போகக்கூடாது. அது டென்டினை உள்ளுக்குள் சுண்ணாம்பாக்கிவிடும். பிறகு நிழலில், மெதுவாக உலரவிட வேண்டும். கூழறையை எபாக்சியால் நிரப்பிவிட்டால் உள்ளிருந்து ஒரு முதுகெலும்பு கிடைத்த மாதிரி.

என் பன்றிப் பல்லுக்கு இதெல்லாம் ஒழுங்காகவே செய்தேன். தப்பு வேறு இடத்தில். 0.8 மில்லிமீட்டர் தகட்டில் தொப்பி செய்து வேர்ப்பகுதியில் மாட்டினேன். முரட்டுத்தனமாக இருக்கட்டும் என்று குறுக்கே ஒரு ஆணி அடிக்க ஆசை. 1 மில்லிமீட்டர் கம்பி, துளையும் அதே 1 மில்லிமீட்டர். கம்பியின் இரு தலையையும் சுத்தியலால் தட்டிப் பரப்பினேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. நான்கைந்து வாரம் கழித்து, காற்று வறண்டிருந்த ஒரு நாள், விரிசல் சரியாக ஆணித் துளையிலிருந்து கிளம்பியிருந்தது. தட்டும்போது கம்பி தலையில் மட்டுமல்ல, நடுவிலும் பருக்கும். துளைக்குள் பருத்த கம்பி பல்லை ஆப்பு மாதிரி உள்ளிருந்து பிளக்கக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பல்லிலுள்ள துளையைக் கம்பியைவிடக் கொஞ்சம் பெரிதாக விட்டு, இடைவெளியை எபாக்சி நிரப்பியிருந்தால் தப்பித்திருக்கும். இப்போதெல்லாம் தொப்பியின் இரு பக்கமும் போலி ஆணித்தலையை முன்கூட்டியே பற்றவைத்துவிடுகிறேன். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

துளையிடும்போது தண்ணீர் சொட்டவிட்டுக்கொண்டே மெதுவாகச் செய்யுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பல்தூள் நுரையீரலுக்கு ஆகாது, வாசமும் பல் மருத்துவரின் நாற்காலியை ஞாபகப்படுத்தும்.

பல் வகையில் எனக்குப் பிடித்தது புதைபடிவச் சுறாப் பல். சுறாக்கள் வாழ்நாள் முழுவதும் பல்லை உதிர்த்து உதிர்த்து முளைக்கவைப்பவை, அதனால் கிடைப்பதும் அதிகம். இலட்சக்கணக்கான ஆண்டு மண்ணில் கிடந்து தாது ஏறியதால், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்துவிட்டது. தட்டையாக இருப்பதால் தொப்பி உட்காரவும் தோது. வேர்ப்பகுதி மட்டும் உதிரும். அதற்கு அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து ஊறவைத்தால் இறுகிவிடும்.

கல்: சொன்ன பேச்சு கேட்கும்

கல்லில் எழுத அவ்வளவு இல்லை, ஏனென்றால் தகராறு குறைவு. அகேட்டும் ஜாஸ்பரும் 6.5 முதல் 7 வரை, தூசிக்கு அஞ்சாது. அப்சிடியன் 5 சொச்சம்தான், அதோடு அது எரிமலைக் கண்ணாடி. முரட்டு நகைக்குத் தோற்றம் அபாரம், ஆனால் மோதிரத்தில் வைத்துக் கதவில் இடித்தால் சில்லு தெறிக்கும். டர்காய்ஸ் 5 முதல் 6. துளையுள்ளது, வியர்வையும் எண்ணெயும் ஊறி நீலம் பச்சையாகும். மாலகைட் 3.5 முதல் 4 வரைதான், அமிலம் பட்டால் நுரைக்கும், உலர்ந்த நிலையில் அரைத்தால் செம்பு கலந்த தூள் உடம்புக்குக் கெடுதல். இந்த இரண்டையும் பல்லோடு ஒரே வரிசையில் வைத்துக் கவனமாகக் கையாளுங்கள்.

கல்லுக்கு இரண்டு கட்டு உண்டு. கல்லைச் சுற்றி மெல்லிய வெள்ளிப் பட்டையை எழுப்பி உள்நோக்கி மடக்கும் பெசல் ஒன்று, நாலைந்து கம்பியால் கவ்வும் பிராங் இன்னொன்று. ஆங்கிலத்தில் பிராங்குக்கு 'நகம்' என்றே இன்னொரு பெயர் உண்டு. வேடிக்கை என்னவென்றால் உண்மையான நகத்தைப் பிடிக்க மட்டும் அது லாயக்கில்லை. கூம்பு வடிவத்தில் கம்பி வழுக்கும். முரட்டு வேலைக்கு என் ஓட்டு பெசலுக்கு. பட்டையைக் கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு எழுப்பினால் போதும். வழக்கமாக 0.3 மில்லிமீட்டர் கனம் போடுவார்கள், நான் 0.5 போட்டு, மடக்கிய விளிம்பில் சுத்தியல் தழும்பை அப்படியே விட்டுவிடுவேன். கல் தாங்கும். இதே அழுத்தத்தைப் பல்லின் மேல் காட்டினால் கதை முடிந்தது.

பசை: எபாக்சியா, அரக்கா?

நகமும் பல்லும் தொப்பிக்குள் நிற்பது பசையை நம்பித்தான். ஐந்து நிமிட எபாக்சி அவசரக்காரனுக்கு, நொறுங்கும், மஞ்சளாகும். 24 மணி நேரம் எடுப்பது எவ்வளவோ மேல். அதற்கும் மேலே நான் வைப்பது அரக்கு. சூடாக்கினால் இளகும் என்பதே அதன் குறை, அதுவே அதன் பெருமையும். பத்து வருடம் கழித்து நகம் உடைந்தால் தொப்பியை இலேசாகச் சூட்டில் காட்டி இளக்கி வேறொன்று மாற்றலாம். எபாக்சியில் அப்படிக் கழற்றுவது பெரும்பாடு. பல்லுக்கு எபாக்சி, நகத்துக்கு அரக்கு என்று நான் பிரித்துக்கொண்டேன். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் அரக்கு வைத்ததை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வெள்ளியிலேயே வார்த்தால்?

ஏமாற்று வேலை என்று நினைத்தேன் என்றேனே, அந்த எண்ணம் கணவாய் மீனின் ஓட்டில் முதல் வார்ப்பு செய்த அன்றே போய்விட்டது. கணவாய் ஓட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, முகத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, நடுவில் நகத்தை வைத்து இரு கையாலும் அழுத்தினால் சோப்புக்கட்டியில் இறங்குவது போல இறங்கும். பிரித்து நகத்தை எடுத்துவிட்டு, மேலிருந்து புனல் மாதிரி ஒரு வாய்க்கால், காற்று வெளியேற இரண்டு மூன்று கீறல். மீண்டும் சேர்த்துக் கம்பியால் கட்டி, உருகிய வெள்ளியை ஊற்ற வேண்டும். 925 வெள்ளி முழுதாக உருக 900 டிகிரிக்குச் சற்றுக் குறைவான சூடு போதும். ஊற்றும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். ஓட்டில் துளி ஈரம் இருந்தாலும் நீராவி வெள்ளியைத் திருப்பித் துப்பும். கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்கக்கூடாது.

ஆறியதும் திறந்தால், நகத்தின் வடிவத்தோடு கணவாய் ஓட்டின் அலையலையான ஏடுகளும் வெள்ளியில் பதிந்திருக்கும். அந்த வரிகளை உளியால் செதுக்கி யாராலும் கொண்டுவர முடியாது. கறுப்பேற்றி மேடுகளை மட்டும் தேய்த்துவிட்டால் முரடு என்றால் அதுதான். இதை நெருப்பில் காட்டலாம், அமிலத்தில் போடலாம், மோதிரத்தில் நேராகப் பற்றவைக்கலாம்.

எடைதான் சிக்கல். மெழுகில் மாதிரி செய்து வார்ப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு: மெழுகின் எடையைப்போல் சுமார் பத்தரை மடங்கு வெள்ளி. 3 கிராம் மெழுகு நகம் 31 கிராமுக்கு மேல் போய்விடும். கழுத்துக்குச் சரி, காதுக்குக் கூடாது. பின்பக்கத்தைக் குடைந்துவிட்டால் பாதியாகக் குறைக்கலாம்.

இன்னொரு விஷயத்திலும் வார்ப்பு மற்ற இரண்டையும் முந்துகிறது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்தது. காட்டுப் பூனைக் குடும்பம் முழுவதும், கரடி இனங்கள் முழுவதும் அதன் பட்டியல்களில் இருக்கின்றன. உரிய அனுமதி இல்லாத புலி நகமோ கரடிப் பல்லோ எல்லை தாண்டினால் பறிபோகும், வழக்கும் வரும். உள்நாட்டுச் சட்டங்கள் பல இடங்களில் இன்னும் கடுமை. 'பழசு, தாத்தா காலத்தது' என்று விற்பவர் வாயால் சொல்வது ஆவணம் ஆகாது. எனக்கு அந்த வடிவம்தான் வேண்டும் என்றால் மெழுகில் செதுக்கி வார்த்துக்கொள்வேன். விலங்கும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

முதல்முறை செய்பவர் கேட்டால், மோதிரத்துக்கு அகேட்டோ ஜாஸ்பரோ பெசலில் வையுங்கள் என்பேன். கழுத்துக்குப் புதைபடிவச் சுறாப் பல். நகம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் காதணி, அதுவும் அரக்கில். முரட்டுக் கைக்கு, சுவரில் ஏறி இறங்கும் ஆளுக்கு, வார்ப்பைத் தவிர வேறு எதையும் சிபாரிசு செய்யமாட்டேன்.

என் கிலுகிலுப்பைக் கால்முள்ளை நேற்றுத்தான் தொப்பியிலிருந்து உருவினேன். இப்போது அது மறுபடி சோப்பு நீரில் ஊறுகிறது, இந்த முறை மூன்று வாரம். அதற்கு முன் கணவாய் ஓட்டில் ஒரு தடவை அழுத்தி அச்சும் எடுத்து வைத்துக்கொண்டேன்.