ஹெவி ராக் வீட்டுப் பதிவு: ரீப்பரா, கராஜ்பேண்டா, ஆடாசிட்டியா?

சென்னை அடுக்குமாடியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆம்ப்பை (கிட்டார் ஒலிபெருக்கி) முறுக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அதனால் கிட்டாரை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டார் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி) சொருகி, ஆம்ப்பைக் கணினிக்குள் வைத்துக்கொள்வதே நடைமுறை. தலைக்கு மேல் ஃபேன் ஓடினாலும் அதன் சத்தம் பதிவில் விழாது. இனி பார்க்கவேண்டியது, ரீப்பர், கராஜ்பேண்ட், ஆடாசிட்டி என்ற மூன்று பதிவு மென்பொருள்களில் எதில், வாசிக்கும்போதே டிஸ்டார்ஷன் (ஆம்ப்பின் கரகரப்பு) தாமதமில்லாமல் காதுக்கு வருகிறது என்பதுதான்.

ஆடாசிட்டி இந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது. இலவசம், பேச்சை வெட்டி ஒட்டத் தோது. ஆனால் விண்டோஸில் வழக்கமாக இறக்கும் பதிப்பில் ஏ.எஸ்.ஐ.ஓ (தாமதத்தைக் குறைக்கும் டிரைவர் முறை) கிடையாது, பதிவு ஓடும்போது எஃபெக்ட் வழியாகக் கேட்கவும் முடியாது. வெறும் கம்பியின் 'டிங் டிங்'கைக் கேட்டுக்கொண்டு பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிப்பது) வாசித்தால் கையில் அழுத்தம் வராது.

மேக் இருந்தால் கராஜ்பேண்ட் கையிலேயே இருக்கிறது. ஆம்ப், பெடல், டிரம்மர் எல்லாம் உள்ளே. அரை மணி நேரத்தில் ஒரு ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) டிரம்ஸோடு கேட்டுவிடலாம். சிக்கல் பிறகுதான். பிளக்இன்களில் (மென்பொருளுக்குள் சேர்க்கும் துணைக் கருவி) ஏ.யூ என்ற ஆப்பிள் வகையை மட்டும் ஏற்கும். 4/4 தாளத்தில் போகும் பாட்டை நடுவில் 7/8-க்குத் திருப்ப வழியில்லை. ரீப்பரில் அந்த இடத்தில் ஷிஃப்ட்+சி அழுத்தினால் போதும்.

விண்டோஸ்காரர்களுக்கு எங்கள் பரிந்துரை ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். முகம் கொஞ்சம் வறட்சி, உள்ளே நல்ல ஆம்ப் தயாராக இருக்காது. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவசப் பிளக்இன்னைச் சேர்த்து, அதில் ஓர் ஆம்ப் கோப்பை ஏற்றினால் அந்தக் குறை தீர்ந்தது.

ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய் இன்டர்ஃபேஸின் ஏ.எஸ்.ஐ.ஓ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்கு எடுக்கும் ஒலித்துண்டின் அளவு) 128 என்றால் ஒரு பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட். ஒலி படபடவென்று வெடித்தால் 256-க்கு ஏற்றுங்கள். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' பொத்தானை அழுத்தி, பலமாக அடித்தாலும் உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல் கெயினை வையுங்கள். கிட்டாரைக் கணினிக்குப் போகாமலே காதுக்கு அனுப்பும் 'டைரக்ட் மானிட்டர்' அணைந்திருக்கட்டும். இல்லாவிட்டால் மொட்டைச் சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

கன்ட்ரோல்+டி (T) புது டிராக்கைத் திறக்கும். இன்புட் மோனோ 1, மானிட்டரிங் ஆன். எஃப்எக்ஸ் (எஃபெக்ட்) வரிசை: கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது), ஓவர்டிரைவ் (டிரைவ் பூஜ்ஜியம், லெவல் முழுசு), ஆம்ப், கேபினெட் ஐ.ஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைத் தரும் கோப்பு). ஐ.ஆர் விட்டுப்போனால் தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ரீங்காரம். ஆம்ப் கோப்பிலேயே கேபினெட் சேர்ந்திருக்க இன்னொன்றும் போட்டால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பதிவாவது எஃபெக்ட் ஏறாத சுத்த ஒலி என்பதால் ஆம்ப்பை நாளைக்கும் மாற்றலாம்.

ரிதம் கிட்டாரை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை முழு இடது, மற்றதை முழு வலது வையுங்கள். ஒரே டேக்கை (ஒரு தடவை வாசித்த பதிவு) நகலெடுத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. இரண்டிலும் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பேஸ் கிட்டாருக்கு இடம் கிடைக்கும்.

'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ஹம் (கரண்ட் இரைச்சல்) வந்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்: நின்றுவிட்டால் பிளக் பாயின்டில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். கிட்டாரோடு உடம்பைத் திருப்பும்போது கூடிக் குறைந்தால் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) எதையோ இழுக்கிறது. பழைய ஃபேன் ரெகுலேட்டரை முதலில் சந்தேகப்படுங்கள்.

கராஜ்பேண்டில் தொடங்கி ரீப்பருக்கு மாறுகிறவர்கள் கராஜ்பேண்டின் மேலே உள்ள மஞ்சள் சைக்கிள் பட்டையைப் பாட்டு முழுக்க விரித்து, ஆம்ப்பை அணைத்து, ஒவ்வொரு டிராக்கையும் சோலோ போட்டு (அது மட்டும் ஒலிக்க வைத்து) ஏற்றுமதி செய்யவும். அப்போதுதான் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கும்.