எட்டிமான்லைன்: ஓர் எழுத்தில் மானம் போனவனின் விமர்சனம்

போன வருடம் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை தயார் செய்தேன். 'ப்ரிஸ்க்ரைப்டு', அதாவது விதிக்கப்பட்ட படிவத்தில் விண்ணப்பிக்கவும் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ப்ரோஸ்க்ரைப்டு' என்று அடித்துவிட்டேன், அதாவது தடை செய்யப்பட்ட படிவத்தில் விண்ணப்பிக்கவும். ஸ்பெல் செக் வாயே திறக்கவில்லை, அதுவும் நல்ல வார்த்தைதானே. எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் மேனேஜர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

அன்றிலிருந்து எப்போதும் திறந்தே வைத்திருப்பது டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ஆன்லைன் சொற்பிறப்பு அகராதி, சுருக்கமாக எட்டிமான்லைன். காசு கட்டாமலே பார்க்கலாம். ஒரு வார்த்தையைப் போட்டால் அது எப்போது ஆங்கிலத்துக்கு வந்தது, பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்ததா நேராக லத்தீனிலிருந்தா, அங்கே எப்படி உடைகிறது என்று ஒரு பத்தியில் சொல்லிவிடும்.

என் மானத்தை வாங்கிய ஜோடியையே முதலில் தேடினேன். இரண்டுக்கும் அடி லத்தீன் 'ஸ்க்ரீபெரே', எழுது. 'ப்ரை' என்றால் முன்பே, ஆக முன்பே எழுதிவைத்தது விதி, டாக்டர் தரும் சீட்டும் அதுதான். 'ப்ரோ' என்றால் இங்கே எல்லோர் பார்வைக்கும் முன்னால். ரோமில் கி.மு. 82இல் சுல்லா என்ற தளபதி ஆட்சியைப் பிடித்ததும் எதிரிகளின் பெயர்களை எழுதிப் பொது இடத்தில் வைத்தான், பட்டியலில் இருப்பவனைக் கொன்றால் பரிசு, சொத்து பறிமுதல். அந்தப் பட்டியலை நினைத்தால் ப்ரோஸ்க்ரைப் இனி படிவத்துக்குப் பக்கத்தில் வராது, எனக்கு வரவில்லை.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்தத் தளம் ரொம்பப் பழகிய இடம் மாதிரி இருக்கும். 'ஃபாகெரே' என்றால் செய். 'ஆட்' சேர்ந்தால் ஒன்றின் மேல் போய்ச் செய்வது, அஃபெக்ட். 'எக்ஸ்' சேர்ந்தால் செய்து வெளியே வந்தது, எஃபெக்ட். ஆட் ஏன் அஃப் ஆனது? பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகவில்லையா, அதே திரிதல்தான். அட்வர்ஸும் அவர்ஸும் 'வெர்ட்டெரே', அதாவது திரும்பு என்பதிலிருந்து வந்தவை. நமக்கு எதிராகத் திரும்பி நிற்பது முதலாவது, நாமே முகத்தைத் திருப்பிக்கொள்வது இரண்டாவது. இதற்கு மேல் மனப்பாடம் எதற்கு?

ஆனால் முன்னொட்டு வேறாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். டிஸ்க்ரீட் என்று உச்சரிக்கும் இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன, ஒன்று பக்குவமாக நடந்துகொள்வது, இன்னொன்று தனித்தனியாக இருப்பது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே, லத்தீனுக்குப் போனாலும் இரண்டும் ஒரே 'டிஸ்க்ரேட்டுஸ்'தான். இங்கே அகராதி கையை விரித்துவிடும், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஆங்கில எழுத்தில் இரண்டு 'ஈ'யும் நடுவில் 'டீ' வந்து பிரிந்து கிடந்தால் தனித்தனி, ஒட்டிக்கொண்டிருந்தால் பக்குவம். பாராட்டைக் குறிக்கும் காம்ப்ளிமென்டும் நிரப்புவதைக் குறிக்கும் காம்ப்ளிமென்டும் அப்படித்தான், 'நிரப்பு' என்ற ஒரே வினையின் பிள்ளைகள், பாராட்டு மட்டும் இத்தாலி, பிரான்ஸ் பக்கம் சுற்றிவிட்டு 'ஐ' எழுத்தோடு திரும்பியிருக்கிறது.

குறை என்றால், புதிதாக வருபவர்களுக்கு 14ஆம் நூற்றாண்டு என்பது 1300களைக் குறிப்பதும், நட்சத்திரக் குறி போட்ட வேர்கள் எங்கேயும் எழுதிக் கிடைத்தவை அல்ல, அறிஞர்கள் ஊகித்துக் கட்டியவை என்பதும் குழப்பும். இரண்டு வார்த்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டாது, அந்த வேலை நம்முடையது. வாக்கியத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கிறவர்கள் வேறு அகராதிக்குப் போகலாம். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் திறக்காதீர்கள், ஒரு வார்த்தை தேடப் போய் ஒரு மணி நேரம் போய்விடும்.

அப்புறம் ஸ்டேஷனரி. இதற்கும் அடி 'நில்' என்பதுதான். ஊர் ஊராகச் சுற்றி விற்காமல் ஒரே இடத்தில் நிலையாகக் கடை போட்டவன் ஸ்டேஷனர், அவன் விற்ற பேனா, காகிதத்துக்கு 'ஈ' போட்ட ஸ்டேஷனரி. 'ஏ' போட்டால் நகராமல் நிற்பது. போன வாரம் அதே மேனேஜர் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலை அனுப்பினார். தலைப்பில் ஏ. நான் வாயே திறக்கவில்லை.