கண்மாய் வேலைக்கு வந்த நன்கொடைகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கண்மாய்ப் பாசன விவசாயிகளோடு வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வரவு செலவும் நன்கொடையாளருக்கான அறிக்கைகளும் என் பொறுப்பில் இருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு மேலாக மூன்று வகை நன்கொடைகளைப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். ஒன்று, கம்பெனிகளின் சிஎஸ்ஆர் நிதி, அதாவது சட்டப்படி அவை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம். இரண்டாவது, வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றின் நிதி. மூன்றாவது, நம் நாட்டுக் குடும்ப அறக்கட்டளை ஒன்று எந்தத் தலைப்பிலும் கட்டிப்போடாமல் ஆண்டுதோறும் தரும் நிதி. முதல் ஆண்டில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்தப் பணம் ஊரில் எதை மாற்றியது, எது கரை மேல் பெயர்ப் பலகையோடு நின்றுபோனது என்பது நான்கைந்து மழைக்காலம் கழிந்த பிறகே தெரியவருகிறது.

கண்மாய் வேலை என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மழைநீரைத் தேக்கிப் பாசனத்துக்கு விடும் ஏரியைத்தான் எங்கள் பக்கம் கண்மாய் என்கிறோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. நிலப் பதிவேடு வருவாய்த் துறையிடம் இருக்கிறது. ஒரே கண்மாயில் வயலுக்குத் தண்ணீர் விடும் மடை உடைந்தால் ஓர் அலுவலகத்துக்கும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை யாராவது உழுது சேர்த்துக்கொண்டால் வேறோர் அலுவலகத்துக்கும் போக வேண்டும். 1984இல் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பின் உதவியோடு தொடங்கிய ஏரி நவீனப்படுத்தும் திட்டம், 2007இல் உலக வங்கிக் கடனில் வந்த திட்டம், ஊரார் பங்கேற்போடு நீர்நிலைகளைப் பராமரிக்க 2017இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட குடிமராமத்து என்று பெரும் பணம் பல முறை இந்தக் கரைகளில் இறங்கியிருக்கிறது. ஆனாலும் பத்து ஆண்டுக்கு ஒரு முறை அதே கண்மாயில் அதே வேலையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. தூர்வாரப் பணம் கிடைப்பது எளிது. தூர்வாரிய கண்மாயை ஊர் தானே பேணும் நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்குப் பணம் கிடைப்பதுதான் அரிது.

சிஎஸ்ஆர் நிதியிலிருந்து தொடங்குகிறேன். கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு நிகர இலாபம் 5 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி ரூபாயைத் தொடும் கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டு சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களுக்கு இது பெரிய கதவுதான். விண்ணப்பம் சுருக்கமாக இருக்கும், முடிவு விரைவாக வரும், அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். மண்வேலைக்கும் மடை கட்டுவதற்கும் இதைவிட வசதியான பணம் இல்லை.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. கம்பெனியின் கணக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. பட்ஜெட் ஒப்புதல் மே, ஜூனில். ஒப்பந்தக் கையெழுத்து ஆவணி, புரட்டாசியில். முதல் தவணை எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்போது ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கியிருக்கும். கண்மாய் நிறைந்து, நெல் அறுப்பு முடிந்து, தண்ணீர் தேங்கும் உள்வாய் காய்ந்து இயந்திரம் இறங்குவதற்குப் பங்குனி ஆகிவிடும். பங்குனி முதல் ஆடி வரை உள்ள காலம்தான் மண்வேலைக்கு ஏற்றது. பணத்தின் காலமோ பங்குனி பாதியில் முடிந்துவிடுகிறது. ஆக, மாசி மாதத்தில் முழங்கால் அளவு தண்ணீர் கிடக்கும்போதே 'யுசி எப்போது வரும்?' என்ற அழைப்பு வந்துவிடும். பயன்பாட்டுச் சான்றிதழைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஒரு முறை, தண்ணீர் வற்றும் வரை பொறுக்க முடியாத ஒரு கம்பெனிக்காக, உள்வாயை விட்டுவிட்டுக் கரையின் மேல்புறத்தை மட்டும் சமப்படுத்தி வேலை முடிக்கப்பட்டது. படத்தில் அது அழகாக இருந்தது. மடைக்கு முன்னால் வண்டல் அப்படியே கிடந்தது.

சட்டம் இதற்கு வழி வைக்காமல் இல்லை. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பல ஆண்டு நீளும் தொடர் திட்டம் என்று அறிவிக்கப்பட்ட பணியில் மீந்த தொகையைக் கணக்கு ஆண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். நாங்கள் பழகிய பல கம்பெனிகள் இதைப் பயன்படுத்தத் தயங்குகின்றன. செலவாகாத பணம் என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி வருவதை இயக்குநர் குழு விரும்புவதில்லை. நிர்வாகச் செலவுக்கான 5 விழுக்காட்டு உச்சவரம்பும் அப்படித்தான். அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கு விதிக்கப்பட்டது. ஆனால் அதையே எங்கள் களப்பணியாளர் சம்பளத்துக்கும் பொருத்திப் பார்க்கிறவர்கள் ஏராளம். பொக்லைன் மணிக்கு எவ்வளவு என்று கேட்டுத் தாராளமாகத் தருகிறவர்கள், ஊர்க்கூட்டம் நடத்தும் பெண்ணின் மாதச் சம்பளத்தை 'ஓவர்ஹெட்' என்று அடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, கண்மாய்க்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் தரும் முறை. எங்கள் பகுதியில் கண்மாய்கள் தொடராக இருக்கின்றன. மேல் கண்மாய் நிறைந்து, மிகுதி நீர் வழியும் கழுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் கீழ் கண்மாய்க்குத் தண்ணீர். ஒரு நன்கொடையாளர் மேல் கண்மாயை மட்டும் தத்தெடுத்தார். பழுதுபார்க்கும்போது கழுங்கின் உச்சி அரை அடி உயர்ந்தது. அந்த ஆண்டு மழை சுமாராக இருந்தது. மேல் கண்மாய் நிறையவே கார்த்திகை கடைசியாயிற்று. கீழ் ஊர்க்காரர்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். 'உங்க கம்பெனிக்காரன்கிட்ட சொல்லுங்க தம்பி, எங்க தண்ணிக்கும் சேர்த்து போர்டு வைக்கச் சொல்லி' என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னதை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரு ஊர்ப் பாசன விவசாயிகள் சங்கங்களையும் உட்கார வைத்துப் பேசிக் கழுங்கின் உயரத்தை முடிவு செய்ய ஏழெட்டு மாதம் பிடித்தது. அந்தப் பேச்சுக்கான பயணம், கூலி, தேநீர் எதற்கும் அந்தத் திட்டத்தில் தலைப்பு இல்லை.

வெளிநாட்டு அறக்கட்டளையின் அனுபவம் வேறு மாதிரியானது. தொடக்கத்திலேயே மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். சங்கம் அமைத்தல், கணக்கு எழுதப் பயிற்சி, துறைகளோடு பேசுதல் ஆகியவற்றுக்கு வெளிப்படையாகவே பணம் ஒதுக்கினார்கள். அறிக்கைப் படிவம் மட்டும் மலைப்பாக இருந்தது. எத்தனை பேர் 'விழிப்புணர்வு பெற்றனர்' என்று காலாண்டுக்கு ஒரு முறை எண் கேட்பார்கள்; விழிப்புணர்வு காலாண்டுக் கணக்கில் வருவதில்லை என்றாலும் கட்டத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது நிலைமை மாறியது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது; புது தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு கட்டாயமாயிற்று; ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவது தடைசெய்யப்பட்டது. எங்களுக்கு அந்தப் பணம் ஒரு பெரிய நிறுவனம் வழியாகவே வந்துகொண்டிருந்ததால் அது அத்தோடு நின்றது. நீண்டகால மாற்றத்துக்குப் பணம் தருகிறவர்கள், வரும் வழி ஒரே நாளில் அடைபட்டால் களத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் ஒப்பந்தம் போடும்போதே பேசிவைப்பது நல்லது. எங்களிடம் யாரும் அதைப் பேசவில்லை.

மூன்றாவது நிதி தொகையில் மிகச் சிறியது. மற்ற இரண்டில் எதனுடைய ஓராண்டுத் தொகையிலும் பாதிகூட வராது. ஆனால் ஊரில் இன்று நிலைத்து நிற்பவற்றில் பெரும்பகுதியின் வேரைத் தேடிப் போனால் இந்தப் பணத்தில்தான் போய் முடிகிறது. அதை வைத்து ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்தினோம். அவர் செய்ததெல்லாம் புல வரைபடங்களின் நகல் எடுத்து, ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வரத்துக்கால் நெடுக நடந்து, எந்த இடத்தில் எத்தனை மீட்டர் அகலம் இருந்திருக்க வேண்டும், இப்போது எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக் கொடுத்ததுதான். பதினைந்து மீட்டர் இருக்க வேண்டிய கால் ஓரிடத்தில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சங்கத்தினர் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். வட்டாட்சியரிடம் மனு கொடுத்தார்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை போகும் வரை விடாமல் அலைந்தார்கள். ஆக்கிரமித்தவர் ஊரில் செல்வாக்கானவர். கம்பெனிப் பணத்தில் இந்த வேலை நடந்திருக்காது. தன் பெயர்ப் பலகை இருக்கும் ஊரில் தகராறு என்றால் எந்தக் கம்பெனியும் பின்வாங்கும், அதை நான் குறையாகவும் சொல்லவில்லை. அதற்கேற்ற பணம் வேறு என்றுதான் சொல்கிறேன்.

அதே நிதிதான் வண்டல் மண் அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த பயணச் செலவையும் தாங்கியது. கண்மாய் வண்டலை விவசாயி தன் வயலுக்கு அள்ளிக்கொண்டு போனால் தூர்வாரும் செலவே பாதியாகக் குறையும். 2024இல் தமிழ்நாடு அரசு, விவசாயிகளும் மண்பாண்டம் செய்வோரும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி வண்டலும் களிமண்ணும் எடுக்க வழிசெய்தது. மாநிலம் முழுவதும் பலரும் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது. எங்கள் பங்கு என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உத்தரவு வந்த கோடையில் விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்கத் தெரிந்த சங்கங்கள் எங்கள் பகுதியில் ஏற்கெனவே இருந்தன. இயந்திர வாடகைக்கு நாங்கள் செலவிட்ட எந்தத் தொகையும் அந்த ஒரு கோடை அளவுக்கு வண்டலை வெளியேற்றியதில்லை.

குறைகளும் உண்டு. கட்டிப்போடாத பணம் என்பதால் கேட்பாரில்லாத பணமாகவும் ஆகிவிடக்கூடும். ஆண்டுக்கு ஒரு முறை வந்து இரண்டு நாள் தங்கி, சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஓர் அறங்காவலர் இருந்ததால்தான் எங்களிடம் அது நடக்கவில்லை. அவரையே அந்த நிதி பெரிதும் நம்பியிருப்பதுதான் அதன் பெரிய பலவீனம். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால் ஒவ்வொரு பங்குனியிலும் பணியாளர்களுக்கு என்ன சொல்வது என்ற கவலையும் தொடர்கிறது. ஃபோர்டு அறக்கட்டளை 2016இல் தொடங்கிய திட்டத்தில், உலகெங்கும் உள்ள அமைப்புகளுக்கு ஐந்தாண்டு வரை நெகிழ்வான நிதியும் நிறுவனத்தை வலுப்படுத்தத் தனி நிதியும் சேர்த்துத் தந்தது. ஆண்டைக் கடந்த உறுதிமொழி எவ்வளவு முக்கியம் என்பதைப் பெரிய இடங்கள் உணர்ந்திருக்கின்றன. சிறிய குடும்ப அறக்கட்டளைகள் தொகையைக் கூட்டாமலே மூன்றாண்டுக்கு எழுத்தில் உறுதி தர முடியும். அதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் தேவையில்லை.

எதை அளப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எத்தனை கன மீட்டர் மண் எடுத்தோம் என்பது ஒப்பந்ததாரரின் கணக்கு. நன்கொடை முடிந்து இரண்டாவது மழைக்கு மடைப் பலகை உடைந்தபோது அதை யார் பணத்தில் மாற்றினார்கள், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சிக்கு அறுப்பின்போது கொடுக்க வேண்டிய நெல் போய்ச் சேர்ந்ததா, கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏல வருமானத்தில் ஒரு பகுதியாவது பராமரிப்புக்குத் திரும்பியதா என்று பார்த்தால் போதும். எங்கள் ஊர்களில் மூன்றுக்கும் ஆம் என்று சொல்லக்கூடிய கண்மாய்கள் குறைவு. அவை எல்லாவற்றிலும் ஐந்து ஆண்டுக்கு மேல் ஒரே களப்பணியாளர் தொடர்ந்து போய்வந்திருக்கிறார் என்பதைக் கவனித்திருக்கிறேன். பெண்கள் விஷயத்தில் மூன்று நிதியும் தேறவில்லை. பட்டா ஆண்கள் பெயரில் இருப்பதால் சங்க உறுப்பினர் பட்டியலிலும் ஆண்களே இருக்கிறார்கள். நாற்று நட்டு, களை எடுத்து, தண்ணீர் காவலுக்கும் போகிறவர்கள் கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பயனாளிகளில் பாதிப் பேர் பெண்கள் என்று எழுதினால் எல்லா நன்கொடையாளருக்கும் திருப்தியாகிவிடுகிறது; உறுப்பினர் விதியை மாற்ற எவ்வளவு காலம் வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது புதிதாக யாராவது பணம் தர முன்வந்தால் ஒப்பந்தத்துக்கு முன்பே சிலவற்றை எழுத்தில் கேட்கிறோம். மண்வேலைத் தவணை மார்ச்சுக்கு முன் வந்து, செலவுக் கணக்கு ஆகஸ்டில் முடிய அனுமதி உண்டா. தனிக் கண்மாய்க்குப் பதில் தொடர் முழுவதையும் ஓர் அலகாக எடுத்துக்கொள்வார்களா. களப்பணியாளர் சம்பளம் திட்டச் செலவில் சேருமா. விலகுவதாக இருந்தால் ஓராண்டு முன்னறிவிப்போடு தொகையைப் படிப்படியாகக் குறைப்பார்களா. போன ஆண்டு ஒரு கம்பெனி முதல் மூன்றுக்கும் ஒப்புக்கொண்டு, பணியைத் தொடர் திட்டமாக அறிவித்தது. நான்காவதற்கு அவர்களுடைய சட்டப் பிரிவின் பதில் இன்னும் வரவில்லை.