இன்சுலின் சிரிஞ்சு வாங்குகிறவர்களே, எச்சரிக்கை! 1,800 ரூபாய் போனது, அம்மாவின் சர்க்கரையும் ஏறியது

கடலூரில் மருத்துவச் சாதனங்கள் விற்கும் ஒரு கடை. பெயரைச் சொல்லப் போவதில்லை. மஞ்சக்குப்பம் பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் இதைப் படித்துவிட்டுப் படியேறுங்கள்.

அம்மாவுக்குக் காலையும் இரவும் இன்சுலின். ஊசி யார் கையிலும் குத்திவிடக் கூடாதே என்று, மருந்து இறங்கியதும் ஊசியைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் பாதுகாப்பு சிரிஞ்சு கேட்டுப் போனேன். கடைக்காரர் மருந்துக் குப்பியைக் காட்டச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லேபிளை நிதானமாகப் படித்தார். "இதற்கென்றே வந்த சரக்கு சார், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றார். அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். 100 சிரிஞ்சு கொண்ட பெட்டி, 1,800 ரூபாய். எண்ணிக் கொடுத்தேன்.

குப்பியில் இருப்பது மில்லி லிட்டருக்கு 40 யூனிட் மருந்து. அவர் கொடுத்த சிரிஞ்சோ 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 என்ற கோடுவரை இழுத்தால் 0.2 மில்லிதான் வரும். இந்த மருந்தில் அது வெறும் 8 யூனிட். 20 ஏற வேண்டிய அம்மாவுக்கு 8! சர்க்கரை 300-ஐத் தாண்டி, தாகமும் அசதியுமாகச் சுருண்டுவிட்டார். சுகாதார நிலையச் செவிலியர்தான் ஆரஞ்சு மூடியைப் பார்த்த உடனே விஷயத்தைச் சொன்னார். போதாததற்கு, காற்றுக் குமிழை வெளியேற்றக் கடைசிவரை அழுத்தினாலே ஊசி படக்கென்று உள்ளே ஓடிவிடுகிறது; அதோடு அந்த சிரிஞ்சு வீண். இதையும் கடையில் ஒருவரும் சொல்லவில்லை.

திருப்பிக் கொண்டுபோனால், "பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே" என்றார். பிரிக்காமல் எப்படி ஊசி போடுவது? பிறகு "ஏஜெண்ட் வரட்டும்". அதன்பின் "முதலாளி சென்னை போயிருக்கிறார்". கடைசியில் கல்லாவில் இருந்த பையன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எல்லா சிரிஞ்சும் ஒன்றுதான் சார், அம்மாவைச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்றான். 1,800 ரூபாயை வாங்கிப் போட்டுக்கொண்டு என் அம்மாவின் சோற்றைக் குறை சொல்கிறார்கள்! பில் கேட்டதற்குத் தந்த துண்டுச் சீட்டில் "சர்ஜிக்கல் 1,800" என்பதைத் தவிர ஓர் எழுத்து இல்லை.

செய்ய வேண்டியதையெல்லாம் விரிவாக எழுத நினைத்தேன். ஆத்திரத்தில் கை ஓடவில்லை. குப்பியில் 40 என்றால் சிரிஞ்சிலும் 40, சிவப்பு மூடி. 100 என்றால் 100, ஆரஞ்சு மூடி. மூடியோடு நிற்காமல் குழாயில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். தலைகீழாக மாறினால் இன்னும் ஆபத்து: 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் ஏறும், சர்க்கரை சரிந்து நினைவே தப்பலாம். பொருளின் முழு விவரத்தோடு பில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அந்த 1,800 ரூபாய்க்காக நாளைக் காலை முதல் வேலையாக அழைக்கப் போகிறேன்.