கடைத் தொட்டியில் சண்டை போடாத மீன்கள்

"சின்னதுலருந்து ஒண்ணா வளந்தா ஒண்ணும் பண்ணாது அக்கா."

மீன் கடைக்காரர் சொன்ன இந்த ஒரு பேச்சை நம்பி இரண்டு மீன்களைச் சாகக் கொடுத்தேன். பெரிய மீன் வளர்க்கும் ஆசையில் இன்றைக்கும் யாராவது ஒரு கடையில் நின்று இதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் பேச்சு அந்தக் கடையைப் பற்றியதாகிவிடும், இதே வேலையைச் செய்யும் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

நான் வாங்கப் போனது ஆஸ்கர் என்ற பெரிய மீன். விரல் நீளத்தில் குஞ்சுகள் இரண்டு. என் தொட்டி 3 அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. விளிம்பு வரை நிரப்பினாலும் 190 லிட்டர்தான் பிடிக்கும். அளவைச் சொல்லித்தான் கேட்டேன். "தாராளமா போதும், இன்னும் ரெண்டு மூணு கூட விடலாம்" என்றார் கடைக்காரர். ஆஸ்கர் ஒரே வருடத்தில் 25 செ.மீ. தொட்டுவிடும், ஒற்றை ஆஸ்கருக்கே 280 லிட்டராவது வேண்டும் என்பதெல்லாம் பட்ட பிறகு படித்தது.

"ரெண்டை மட்டும் விட்டா ஒண்ணையொண்ணு முறைச்சுக்கும்" என்று சொல்லி இன்னும் இரண்டைத் தலையில் கட்டினார். ஒன்று, கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று ஒரு சக்கர் மீன். (அது ஓரளவுதான் செய்யும். வளர்ந்தால் ஓரடிக்கு மேல் போகும், செய்வதைவிட அதிகம் கழியும்.) இன்னொன்று, சாம்பல் உடம்பில் ஆறேழு கறுப்புப் பட்டை போட்ட ஒரு குஞ்சு. அது கிடந்த கடைத் தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் 'மிக்ஸ் சிக்லிட்' என்று இருந்தது. என்ன மீன் என்று கேட்டேன். "பேரட் ஜாதிதான் அக்கா, வளர வளர கலர் ஏறும்." கலர் ஏறும் என்றது மட்டும் உண்மை.

அப்போதும் தயங்கித்தான் நின்றேன். உடனே அந்தத் தொட்டியைக் கையால் காட்டினார். நாற்பது ஐம்பது குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு நீந்தின. "நீங்களே பாருங்க, ஏதாவது சண்டை போடுதா?"

போடவில்லை. நான் விழுந்தது அங்கேதான். சிக்லிட் என்பது ஒரு மீன் குடும்பம், ஆஸ்கரும் அதில்தான் சேர்த்தி. அந்த வகை மீன்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இடத்துக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும். கடைத் தொட்டியில் இருப்பவை பருவத்துக்கு வராத குஞ்சுகள். ஒதுங்கிப் பிடித்துக்கொள்ள ஒரு கல்லோ மூலையோ கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்து மீன் இடிக்கும், யாரைத்தான் விரட்டுவது? போதாததற்கு நாலு நாளைக்கு ஒருமுறை பழைய மீன் விற்றுப்போய்ப் புது மீன் வரும். அந்த நெரிசலில் இருக்கும் அமைதி வீட்டில் நாலே மீன் இருக்கும் தொட்டியில் இருக்காது. இது கடைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

மூன்றாவது மாதம் சாம்பல் குஞ்சின் வயிற்றில் ஆரஞ்சுத் திட்டு விழுந்தது. கலர் ஏறுகிறதென்று சந்தோஷப்பட்டேன். அதே வாரம் அது ஃபில்டருக்குக் கீழே கூழாங்கல்லை வாயால் அள்ளித் துப்பிப் பள்ளம் பறிக்க ஆரம்பித்தது. பிறகு தொட்டியில் பாதி அதற்குச் சொந்தம். ஆஸ்கர்கள் இரண்டும் அதைவிடப் பெரியவை, ஆனாலும் நீர்மட்டத்தை ஒட்டி எதிர் மூலையில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சின்ன ஆஸ்கர் உடம்பு கறுத்துப்போனது, வால் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. உருவத்தில் பெரியது ஜெயிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உருவத்தோடு ஒப்பிட்டால் ஆஸ்கர் சாது.

ஒரு காலையில் சாம்பல் மீனும் சின்ன ஆஸ்கரும் வாயோடு வாய் கவ்விக்கொண்டு கயிறு இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தன. வலையை உள்ளே விட்டுப் பிரித்தேன். சாயங்காலம் ஆஸ்கர் தரையில் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "ஆஸ்கர் கோவிச்சுக்கிட்டா அப்படித்தான் படுக்கும் அக்கா, பயப்படாதீங்க" என்றார். இதில் கொடுமை, ஆஸ்கருக்கு அந்தப் பழக்கம் உண்மையிலேயே உண்டு. தண்ணீர் மாற்றினாலோ தொட்டியில் எதையாவது இடம் மாற்றி வைத்தாலோ ஒருக்களித்துப் படுத்து முறைக்கும். அதனால் நம்பி இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணி, மூட முடியாமல் திறந்தே இருந்தது. பெல்லட் (உருண்டைத் தீனி) மூக்குக்கு நேரே மிதந்து போனது, கவ்வ முடியவில்லை. அன்றிரவே செத்தது.

மறுபடி போனேன். இந்த முறை ஒரு பாட்டில் மெத்திலின் ப்ளூ என்ற நீல மருந்தும், "கோபத்தைத் தணிக்க" ஒரு பை தீனி மீனும் கொடுத்து அனுப்பினார். உயிருள்ள மீனைப் போட்டால் கோபம் தணியாது, தீனி மீனோடு வெள்ளைப்புள்ளி நோய்தான் வரும். வந்தது. நீல மருந்தை அவர் சொன்னபடி பிரதான தொட்டியிலேயே ஊற்றினேன். மீன் கழிவில் உண்டாகும் அமோனியா என்ற நஞ்சைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியாவும் ஃபில்டரில் அடிபட்டு, அமோனியா ஏறி, ஒரு வாரத்தில் சக்கரும் போனது. மருந்து தேவையென்றால் மீனைத் தனி வாளிக்கோ தொட்டிக்கோ மாற்றித்தான் போட வேண்டும்.

கடைசியாகச் சாம்பல் மீனின் போட்டோவைக் கடைக்காரரிடம் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்காமல், "ஓ, ரெட் டெவிலா!" என்றார். நிகரகுவா நாட்டு ஏரிகளின் மீன் அது. குஞ்சில் சாம்பலாக இருந்து பிறகு நிறம் மாறும். பேரே டெவில்! "முன்னாடி ஏன் சொல்லலை?" என்றேன். "நீங்க பேரட்டான்னு கேக்கலையே அக்கா, நான்தானே சொன்னேன்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வதென்று இன்றுவரை தெரியவில்லை. உண்மையான பேரட்டைக் கொடுத்திருந்தாலும் இன்னொரு விதமான கொடுமைதான். அது கலப்பில் உண்டாக்கிய மீன், வாய் சரியாக மூடாது, கடித்தால் திருப்பிக் கடிக்க வழியில்லை.

'மிக்ஸ்' என்று சீட்டு ஒட்டிய தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். பெயரே சொல்லாத மீன் எவ்வளவு வளரும், எந்தத் தண்ணீர் கேட்கும் என்று எப்படிப் பார்ப்பீர்கள்? கடைக்காரரிடம் "சண்டை போடுமா" என்று கேட்காதீர்கள், போடாது என்றுதான் சொல்வார். முழுப்பெயரை எழுதித் தரச் சொல்லி, வீட்டுக்கு வந்து தேடிவிட்டு அடுத்த நாள் போய் வாங்குங்கள். மலாவி ஏரி மஞ்சள் மீனையும் ஆஸ்கரோடு விடலாம் என்று எனக்குச் சொன்னார். அதற்கு pH (அமில-கார அளவு) 7.8க்கு மேல், தாது உப்பு அதிகமுள்ள கடினமான தண்ணீர் வேண்டும், ஆஸ்கர் தாது உப்பு குறைந்த மென்மையான தண்ணீரில் வளர்ந்த ஜாதி. ஆஸ்கருக்குத் துணை தேடினால் பெரிய தொட்டியில் ஐந்தாறு சில்வர் டாலர் மீன், அல்லது செவெரம் என்ற இன்னொரு சிக்லிட் பார்க்கலாம். வாய்க்குள் நுழையும் அளவு எதுவும் கூடாது. ஃபிளவர்ஹார்ன் என்ற முரட்டுக் கலப்பு சிக்லிட்டுக்கும் ரெட் டெவிலுக்கும் துணையே வேண்டாம். எந்தச் சேர்க்கையானாலும் முரட்டு மீனைக் கடைசியாக விடுங்கள், விடும் அன்று கற்களை இடம் மாற்றி வையுங்கள். பிரித்து வைக்க ஒரு உபரித் தொட்டி இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

மிஞ்சிய ஆஸ்கரை ஆறடித் தொட்டி வைத்திருக்கும் தோழியிடம் கொடுத்துவிட்டேன். டெவில் என்னிடம்தான் இருக்கிறது, தனியாக. இப்போது முழு ஆரஞ்சு. தண்ணீர் மாற்றக் கையை விட்டால் பாய்ந்து வந்து கடிக்கிறது. அதனால் ஒரு அக்ரிலிக் பலகையை நடுவில் சொருகிவிட்டுத்தான் குழாயைப் போடுகிறேன்.